வாசகர் கேள்வி: மனப்பாடம் மட்டும் போதுமா?

கேள்வி: மகள் நான்காம் வகுப்பு. அறிவியல், சமூக அறிவியல் இரண்டையும் மனப்பாடம் செய்கிறாள், வாசித்துப் புரிந்துகொள்வதில்லை. இணையத்தில் இலவசமாக ஏதாவது உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. பாடநூலில் இருக்கும் க்யூஆர் கோடை, மத்திய அரசின் கல்விச் செயலியான தீக்‌ஷாவில் ஸ்கேன் செய்தால் பாடம் சார்ந்த வீடியோ வரும், ஆனால் அதை முதலில் காட்டாதீர்கள். பார்த்துவிட்டால் பிள்ளை பக்கத்தைத் திறக்கவே மாட்டாள். வாசிப்புக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதை இணையதளம்தான் என் முதல் தேர்வு. செடி, விலங்கு, விண்வெளி என்று தமிழிலேயே படக்கதைகள், 4 வாசிப்பு நிலைகளில். அவளுக்கு எளிதான நிலையில் தொடங்குங்கள், வகுப்பைப் பார்த்து அல்ல. அப்புறம், வேர் தண்ணீரை உறிஞ்சுவதைப் படித்தாளா, புத்தகத்தை மூடிவிட்டு அதைப் படமாக வரைந்து சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாளோ, அந்தப் பத்தியை மட்டும் கூடவே உட்கார்ந்து மறுபடி வாசியுங்கள்.