வாசகர் கேள்வி – பதில்: அழிந்த கொழும்பில் லேசர் துவக்கு

கேள்வி (வெள்ளவத்தை): உலகம் அழிந்து 60 வருடங்களுக்குப் பிறகான கொழும்பை வைத்து ஐந்து பேர் ரோல்பிளே விளையாட்டு ஆடுகிறோம். ஒரு பற்றரியில் லேசர் துவக்கு 30 தடவை சுடும் என்கிறது விதிப்புத்தகம். நம்பலாமா?

பதில்: பற்றரி பிடிக்கிற சக்தியைப் பார்த்தால் நம்பலாம். அது வெளியே வருகிற வேகத்தைப் பார்த்தால் முடியாது.

ஆளைக் காயப்படுத்த ஒரு சூட்டுக்கு 10,000 யூல் என்று வையுங்கள். லேசரின் வினைத்திறன் 30 வீதம் என்றால், பற்றரியிலிருந்து 33,000 யூல் எடுக்க வேண்டும். லப்டொப் பற்றரிக்குள் இருக்கும் 18650 லிதியம் செல் ஒன்று 50 கிராம்கூட வராது. ஆனால் 39,000 யூல் அளவில் பிடிக்கும். சூட்டுக்கு ஒரு செல், 30 சூட்டுக்கு ஒன்றரைக் கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செல்லைப் பிழிந்தாலும் 100 வாற்று அளவில்தான் தரும். தனி ஒரு செல் என்றால் அடுத்த சூட்டுக்கு ஐந்தரை நிமிடம். முப்பதையும் சேர்த்து இழுத்தால் 11 செக்கன். சேர்ந்ததைக் கண்ணிமைப்பில் கொட்டக் கப்பாசிட்டர் வேண்டும். அது கிராமுக்கு ஒன்றிரண்டு யூல்தான் பிடிக்கும் என்பதால், 16 முதல் 33 கிலோ வரை முதுகில் ஏறும். உங்கள் வீரர் ஓடி ஒளிவது எப்படி என்று யோசியுங்கள்.

மீதி 23,000 யூலும் வெப்பமாகத் துவக்குக்குள்ளேயே தங்கும். மூன்று கிலோ அலுமினிய உடல் என்றால் சூட்டுக்கு எட்டு ஒன்பது பாகை ஏறும். கொழும்பு வெயிலில் 30 பாகையில் தொடங்கினால் ஆறாவது சூட்டிலேயே கை வைக்க முடியாது. ஐந்து சூட்டுக்கு ஒரு சுற்று ஓய்வு என்று விதி போடுங்கள், ஆட்டமும் சூடுபிடிக்கும்.

இன்னொன்று: 60 வருடம் கிடந்த லிதியம் செல் செத்துப்போயிருக்கும். இடிபாட்டில் 'முழுச் சார்ஜ் பற்றரி' கண்டெடுக்கிற காட்சியை வெட்டிவிடுங்கள். ஈய அமிலப் பற்றரி என்றால் ஈயத்தை உருக்கித் திரும்பச் செய்யலாம். கிலோவுக்கு நாலு சூடு தேறும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சுடும்போது சிவப்புக் கோடு தெரியுமா? மழையில் சுடலாமா?

பதில்: பலம்கூடிய லேசர்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு, கோடு தெரியாது. 5 சென்ரிமீற்றர் வில்லையிலிருந்து புறப்படும் கதிர் 500 மீற்றரில் கொள்கையளவில் இரண்டரைச் சென்ரிமீற்றர் புள்ளியாக விழும். மழை, புகை, தூசி இருந்தால் அது சிதறும். பருவமழைக் காலத்தில் தூரத்தைப் பாதியாக்கினாலும் தாராளம் என்பேன்.

இங்கே பெரிய எதிரி பூஞ்சணம். கமரா வைத்திருப்பவர்கள் வில்லையை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் பூட்டி வைப்பது சும்மா இல்லை. வில்லையில் வெள்ளை நூல்போலப் படர்ந்த ஒரு பொட்டுப் போதும்: அந்த இடம் கதிரை உறிஞ்சிச் சூடேறி வில்லை வெடிக்கும். காலிமுகத்திடல் பக்கம் முகாமிட்டால் உப்புக் காற்றும் சேரும். துடைக்கத் தவறிய நாளுக்கெல்லாம் பகடையில் ஒன்றைக் கழியுங்கள்.

கேள்வி (தெஹிவளை): காந்தத்தால் சன்னத்தை எறியும் காஸ் (Gauss) துவக்குக்குப் பின்னுதைப்பே இல்லை என்கிறான் நண்பன்.

பதில்: தவறு. 4 கிராம் சன்னம் செக்கனுக்கு 940 மீற்றரில் போனால், எதனால் தள்ளினாலும் அதே உந்தம் தோளுக்குத் திரும்பி வரும். வெடிமருந்து வாயுவின் பங்கு மட்டும்தான் குறையும். தண்டவாளத்தைப் போல இரு உலோகத் தண்டுகளுக்கிடையே எறியும் ரயில்கன் இன்னொரு சங்கடம். அமெரிக்கக் கடற்படை 2010இல் 33 மெகாயூல் வரை சுட்டுப் பார்த்தது. ஒவ்வொரு சூட்டிலும் தண்டுகள் தேய்வது பெரும் தலைவலி. 2021இல் திட்டத்தையே நிறுத்தினார்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அப்படியென்றால் 60 வருடத்துக்குப் பிறகு எது சுடும்?

பதில்: பழைய பித்தளைக் கோது ரவை, தகரப் பெட்டி சீல் உடையாமல் குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால். வெயிலில் வெந்த பெட்டியில் வெடிமருந்து சிதைந்திருக்கும். கோதில் பச்சை பிடித்ததை இருபது முகப் பகடையில் 8க்குக் கீழ் விழுந்தால் சுடாது என்று வையுங்கள். கோதில்லா ரவை வேண்டாம். வெளியே பாயும் கோது வெப்பத்தையும் கொண்டுபோகும். அது இல்லாத ஜெர்மன் ஜி11 துவக்கில், சூடான அறைக்குள் ரவை தானாக வெடிப்பதைத் தடுக்கவே வேறு வெடிமருந்து தேட வேண்டி வந்தது.