ஏ320-இன் அடியிலிருந்து வரும் சத்தம்

வணக்கம் சார்,

சமீபத்தில் டெல்லியிலிருந்து கோவைக்கு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் வந்தோம். இறக்கைக்குப் பக்கத்து இருக்கை. விமானம் ஓடுபாதையை நோக்கி நகர ஆரம்பித்ததும் காலுக்கடியில் நாய் குரைப்பது போல விட்டுவிட்டு ஒரு சத்தம். அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். பணிப்பெண்ணிடம் கேட்டதற்கு "நார்மல்தான்" என்றார். பக்கத்து இருக்கைக்காரர், "ஹைட்ராலிக் சத்தம்தான், அதெல்லாம் மூன்று செட் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்றார். அது உண்மையில் என்ன சத்தம்? மூன்றும் ஒன்றாகப் போய்விட்டால்? போயிங் 737-இல் இப்படிக் கேட்டதே இல்லையே, ஏன்?

ச., கோவை

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்டது பி.டி.யு. எனப்படும் பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட்டின் சத்தம். ஒரு ஹைட்ராலிக் சுற்றின் பலத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் கருவி அது. பழுது ஒன்றும் இல்லை. ஆனால் அம்மா பயந்ததில் தப்பே இல்லை. "நகரும்போது அடியில் ஒரு சத்தம் வரும், வழக்கமானதுதான்" என்று முன்கூட்டியே ஒரு வரி அறிவித்தால் போதும். ஒவ்வொரு ஏ320-இலும் அதைச் செய்யவேண்டும் என்றே நினைக்கிறேன்.

விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை ஓரத்து எய்லரான்கள், மூக்கை ஏற்றி இறக்கும் வாலில் உள்ள எலிவேட்டர், மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் எல்லாவற்றையும் அசைப்பது ஹைட்ராலிக் திரவம். ஏ320-இல் அதன் அழுத்தம் 3,000 பி.எஸ்.ஐ., அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல 200 மடங்குக்கும் மேல். திரவம் ஓடுவது மூன்று தனித்தனிச் சுற்றுகளில். பச்சை, நீலம், மஞ்சள் என்று பெயர். பச்சைக்கு இடது எஞ்சினில் பம்ப். மஞ்சளுக்கு வலது எஞ்சினில் பம்ப், கூடவே ஒரு மின்பம்ப். நீலத்துக்கு மின்பம்ப் மட்டும். இரண்டு எஞ்சின்களும் நின்று, மின்சாரமும் போய்விட்டால், விமானத்தின் அடியிலிருந்து ஒரு சிறு காற்றாடி தானாக வெளியே வந்து எதிர்க்காற்றில் சுழன்று நீலத்துக்கு அழுத்தம் கொடுக்கும்.

தரையில் நகரும்போது எரிபொருளை மிச்சம்பிடிக்க ஒரே எஞ்சினை ஓட்டுவது உண்டு. அப்போது ஓடாத எஞ்சினின் பக்கத்துச் சுற்றில் அழுத்தம் இருக்காது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் 500 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பி.டி.யு. ஓட ஆரம்பிக்கும். அழுத்தம் ஏறியதும் நிற்கும், இறங்கியதும் மறுபடி ஓடும். உங்கள் காலடியில் குரைத்தது அதுதான். இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போது அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும், அப்போதும் கேட்கும்.

இந்தக் கருவியில் நான் வியக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு சுற்றின் திரவம் சொட்டுக்கூட மறு சுற்றுக்குப் போவதில்லை. ஒரு பக்கத்து அழுத்தம் ஒரு தண்டைச் சுழற்றும், அந்தத் தண்டு மறுபக்கத்துப் பம்பைச் சுழற்றும், அவ்வளவுதான். திரவத்தையே பகிர்ந்துகொள்ளவிட்டால், ஒரு பக்கத்தில் குழாய் உடைந்தாலும் இரண்டு பக்கமும் வற்றிவிடும்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன "மூன்று செட்" பாதிப் பதில்தான். எத்தனை செட் இருந்தாலும், ஒரே அடி எல்லாவற்றின்மீதும் விழுமா என்று பார்க்கவேண்டும். அப்படி விழுந்திருக்கிறது.

1985 ஆகஸ்ட் 12 அன்று டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, ஒரு போயிங் 747. அதில் நான்கு ஹைட்ராலிக் சுற்றுகள். ஏழு வருடங்களுக்கு முன் தரையிறங்கும்போது வால் தரையில் உரசியிருந்தது. அப்போது பின்பக்க அழுத்தத் தடுப்பை, அதாவது பயணிகள் பகுதியின் காற்றழுத்தத்தை அடைத்துவைக்கும் பின்சுவரை, சரியாகப் பழுதுபார்க்கவில்லை. ஒரே தகடாக வைக்கவேண்டிய இணைப்பை இரண்டு துண்டாக வைத்துவிட்டார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்கவேண்டிய சுமை ஒரு வரிசைமீது விழுந்தது. அன்று அந்தத் தடுப்பு வெடித்து, சீறிய காற்று செங்குத்து வாலையே பிய்த்தெறிந்தது. நான்கு சுற்றுகளின் குழாய்களும் அந்த இடத்தில் ஒன்றுகூடியிருந்தன. நான்கும் வற்றின. விமானிகள் எஞ்சின் வேகத்தை மட்டும் வைத்து அரை மணி நேரம் போராடினார்கள். 524 பேரில் 4 பேர் மட்டுமே பிழைத்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, 1989 ஜூலை 19 அன்று, அமெரிக்காவில் யுனைடெட் 232. டிசி-10 விமானம், மூன்று சுற்றுகள். வால் எஞ்சினின் விசிறித் தட்டு சிதறி, துண்டுகள் மூன்றையும் முடக்கின. அப்படி ஒரு நிலை வராது என்றே நினைத்திருந்ததால் அதற்கான நடைமுறையே இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸும் குழுவினரும், பயணியாக வந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச்சின் உதவியோடு, மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அதன்பின் டிசி-10-இல் ஒரு அடைப்பு வால்வு சேர்த்தார்கள். வாலில் குழாய் உடைந்தால் அது மூடிக்கொண்டு ஒரு சுற்றின் திரவத்தையாவது காப்பாற்றும்.

ஏ320-இல் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இடது எலிவேட்டருக்குப் பச்சையும் நீலமும், வலதுக்கு நீலமும் மஞ்சளும், ரடருக்கு மூன்றும். ஏ380-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இரண்டு ஹைட்ராலிக் சுற்றுகள்தான். அதற்குப் பதிலாக, முக்கியமான இடங்களில் மின்சாரத்தால் ஓடும், தனக்கென்று சிறு திரவத் தொட்டியும் பம்பும் கொண்ட கருவிகள். நீண்ட குழாய் அறுந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இதுதான் சரியான வழி.

சரி, 737. அதிலும் பி.டி.யு. உண்டு. ஆனால் அதன் வேலை மிகக் குறைவு. அதன் முக்கிய ஹைட்ராலிக் சுற்றுகள் 'ஏ', 'பி' என்று இரண்டு. 'பி' சுற்றின் எஞ்சின் பம்ப் போய்விட்டால் இறக்கையின் முன்விளிம்புத் தகடுகளை 'ஏ' சுற்றின் பலத்தால் அசைப்பதோடு சரி. அதனால்தான் நகரும்போது உங்களுக்குக் கேட்பதில்லை. 1967-இல் முதலில் பறந்த அந்த விமானத்துக்கு வேறொரு காப்பு உண்டு. 'ஏ', 'பி' இரண்டுமே போனால் எய்லரானையும் எலிவேட்டரையும் கம்பிவடங்கள் வழியாக விமானி தன் கைபலத்தால் இழுத்து அசைக்கலாம். ரொம்பக் கனமாக இருக்கும், ஆனால் அசையும். ரடருக்கு மட்டும் தனியாக ஒரு சிறு ஹைட்ராலிக் சுற்று வைத்திருக்கிறார்கள்.