வான்கடேயில் வாரியம், சென்னையில் பதிவு!

கேள்வி: கிரிக்கெட் வாரியத்தில் பதவி இடைவெளி விதி என்ன ஆயிற்று? (வாசகர், மாட்டுங்கா, மும்பை)

பதில்: நீர்த்துப்போயிற்று. ஒவ்வொரு 3 ஆண்டுப் பதவிக்குப் பிறகும் 3 ஆண்டு விலகியிருக்க வேண்டும் என்றது, வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா கமிட்டி. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை, ‘தொடர்ச்சியாக இரண்டு தவணை (6 ஆண்டு) இருந்த பிறகு விலகினால் போதும்’ என்று தளர்த்தியது. மாநிலச் சங்கத்தில் ஒன்று, வாரியத்தில் ஒன்று என்றாலும் இரண்டும் சேர்ந்தே கணக்கு. பலர் மாட்டியது இங்கேதான். 2022-இல் இரண்டையும் பிரித்தார்கள்: அங்கே 6, இங்கே 6, ஆக 12 ஆண்டு ஒரே மூச்சில் இருக்கலாம்.

இந்த விதிகளைத் திருத்தப் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும்; அதுவும் உச்ச நீதிமன்ற அனுமதியின்றிச் செல்லாது. வாரியம் இருப்பது உங்கள் ஊர் வான்கடேயில் என்றாலும், பதிவு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில். 2018 விதிகளும் நம்மூர்ப் பதிவாளரிடம்தான் போயின.

கமிட்டி சொன்ன ‘ஒரு மாநிலம், வாரியத்தில் ஒரு ஓட்டு’ விதியும் 2018-இலேயே போயிற்று. மகாராஷ்டிரத்துக்கே மும்பை, விதர்பா சேர்த்து மூன்று ஓட்டு!