டோராவுக்குப் பதில் சொல்கிறான், அம்மாவுக்குச் சொல்வதில்லை

உங்கள் மகனின் காதை இந்த வாரமே பரிசோதிக்க வேண்டும் அம்மா. நான்கு பக்கக் கடிதத்துக்கு என் பதில் இதுதான். மற்றவற்றையெல்லாம் இதற்குப் பிறகு பேசலாம்.

நீங்கள் கேட்டிருப்பது வேறு என்பது தெரியும். 2 வயது 10 மாதக் குழந்தை. ‘டோராவின் பயணங்கள்’ கார்ட்டூன் ஓடும்போது டோரா கேட்கும் கேள்விக்கெல்லாம் கத்திக் கத்திப் பதில் சொல்கிறான். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கண் கெட்டுவிடுமா, ஒரே எபிசோடையே திரும்பத் திரும்பப் பார்க்கலாமா, வலிப்பு வருமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். திரை பார்த்தே வரும் ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று ஒன்று இருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தீர்களாம். சமையல் முடியட்டும் என்று டிவி போட்டுப் போட்டு நீங்களே பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்களோ என்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஓரத்து வரிதான்.

டிவியால் ஆட்டிசம் வராது. ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயர் நாங்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களில் கிடையாது. ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் வேறுபாடு. பெரும்பாலும் மரபணு சார்ந்தது, பிள்ளை டிவியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுவது. நாளெல்லாம் திரை ஓடும் வீட்டில் பேச்சு தாமதமாகலாம், அது உண்மை. திரை ஓடும்போது வீட்டில் பெரியவர்கள் பேசுவது குறைந்துவிடுகிறது என்பதுதான் அதற்குக் காரணம். அதைச் சரிசெய்துவிடலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, லைக்குக்காகத் தாய்மார்களைப் பயமுறுத்தும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தச் சேனலை இனிமேல் திறக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள்: “டோராவுல குள்ளநரி வந்துட்டா போதும் டாக்டர், அடுப்படிக்கே ஓடி வந்து சேலையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், டிவியை விரல் நீட்டிக் காட்டி, என் மூஞ்சியப் பார்த்துச் சிரிக்கிறான். குழம்பு அடிபிடிச்சுப் போகுது.” ஆட்டிசம் குறித்துச் சந்தேகம் வரும்போது நான் பெற்றோரிடம் முதலில் கேட்பதே இதைத்தான். பிள்ளை எதையாவது கண்டு மகிழ்ந்தால் அதை உங்களுக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதா? காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? உங்கள் மகன் இரண்டையும் செய்கிறான். ஒரு கடிதத்தை மட்டும் வைத்து ஆட்டிசம் இல்லவே இல்லை என்று நான் முத்திரை குத்த மாட்டேன். நேரில் பார்க்கும் குழந்தை மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் குழம்பு அடிபிடித்த அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பாதி கவலை போய்விட்டது.

மீதிக் கவலை வேறு வரிகளிலிருந்து வந்தது. அவற்றை நீங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. டிவிக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நிற்கிறான். சத்தத்தை 40க்கு வைக்கச் சொல்லி அழுகிறான். மழைக்காலம் முழுக்க மூக்கு ஒழுகியது. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறான். டோராவை ‘ஓரா’ என்கிறான், அவளோடு வரும் குரங்கு புஜ்ஜியை ‘உஜ்ஜி’ என்கிறான். “சில நாள் ஒரே கூப்பிடுல திரும்புறான், சில நாள் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறான், திமிர்னு நினைச்சு ரெண்டு அடி வச்சுட்டேன்.”

திமிர் இல்லையம்மா. அந்த நாள்களில் அவனுக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

மூக்குக்குப் பின்னாலிருந்து காதின் நடுப்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருக்கும். சிறு குழந்தைகளுக்குக் குட்டையாகவும் ஏறத்தாழ படுக்கைவாக்கிலும் இருக்கும். சளி பிடித்தாலோ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கினாலோ குழாய் அடைத்துக்கொள்ளும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, நாளாக நாளாகப் பசைபோலக் கெட்டியாகும். வலி இருக்காது, சீழ் வராது, காய்ச்சலும் இருக்காது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பள்ளிக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறையாவது இது வந்து போகிறது. முழுச் செவிடும் ஆகாது, முழுசாகவும் கேட்காது. இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு அடுத்த அறைப் பேச்சைக் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சளி கூடினால் கேட்பது குறையும், சளி குறைந்தால் கேட்கும். ஒரு நாள் திரும்பினான், ஒரு நாள் திரும்பவில்லை என்று நீங்கள் எழுதியது இதற்கு அப்படியே பொருந்துகிறது. ‘ஓரா’வும் யோசிக்க வைக்கிறது. உயிரொலிகள் உரக்க ஒலிப்பவை, மெய்யொலிகள் பலவும் மெல்லியவை. காது மந்தமானால் மெல்லியவைதான் முதலில் தவறும்.

உங்கள் மாமியார் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாராம், அவன் துள்ளித் திரும்பினானாம், அதனால் காது நன்றாக இருக்கிறதாம். இந்தத் தட்டுப் பரிசோதனையை நம்பி ஒரு வருடம், இரண்டு வருடம் தாமதமாக வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன். தட்டு விழுகிற சத்தம் லேசான காது மந்தமுள்ள யாருக்கும் கேட்கும். அவன் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியது நீங்கள் சாதாரணக் குரலில் பேசும் பேச்சிலிருந்து. அது கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

“டோராவுக்கு மட்டும் எப்படிப் பதில் சொல்கிறான்?” என்பது நியாயமான சந்தேகம். அந்தத் தொடர் செய்யப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் தொடங்கியது, பின்னால் சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசி நம் வீடுகளுக்கு வந்தது. டோரா நேராகத் திரைக்கு வெளியே பார்த்துக் கேள்வி கேட்பாள். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு சில விநாடி காத்திருப்பாள். பிறகு நீல நிற அம்புக்குறி வந்து சரியான விடையைத் தொட்டுக் காட்டும். உடனே பாராட்டுவாள். பிள்ளை சரியாகச் சொன்னாலும் பாராட்டுவாள், தப்பாகச் சொன்னாலும் பாராட்டுவாள், தூங்கிப்போயிருந்தாலும் பாராட்டுவாள். ஒரு சொல்கூடச் சரியாகக் கேட்காத பிள்ளையும் படத்தையும் அம்புக்குறியையும் பார்த்து அந்த இடைவெளியில் கத்திவிட முடியும். அதுவும் நாற்பது தடவை பார்த்த எபிசோடு. சத்தமோ 40. நீங்கள் கூப்பிடும்போது படமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து, குக்கர் விசிலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும். டோராவுக்குப் பதில் வருவதால் காது கேட்கிறது என்று ஆகிவிடாது.

மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். டிவிக்குப் பக்கத்தில் நின்றால் கண் கெடாது. ஆனால் கண் பார்வை மங்கியிருந்தாலும் பிள்ளைகள் பக்கத்தில் போவார்கள், ஆகவே காது பார்க்கப் போகும்போது கண்ணையும் பார்த்துவிடுங்கள். வலிப்பு பற்றி உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறது. ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாகப் பளிச்சிட்டதால் சுமார் 685 பேரை, பெரும்பாலும் குழந்தைகள், ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். ஒளியின் அந்தத் துடிப்புதான் காரணம். டோராவில் அது இல்லை. அந்தச் செய்தியை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கோளாறு இல்லை. அந்த வயதின் இயல்பு. டோராவுக்கு முன்பே 1996இல் அதே சேனலில் ‘புளூஸ் க்ளூஸ்’ என்ற தொடர் வந்தது. அதைச் செய்தவர்கள் ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் வேண்டுமென்றே போட்டார்கள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் வெளியானது. திரும்பப் பார்க்கப் பார்க்கப் புரிதல் கூடியது, திரையைப் பார்த்து உரக்கப் பதில் சொல்வதும் கூடியது. உங்கள் பையன் கத்துவதும் அதுவே. கத்தட்டும்.

இப்போது கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. காதைப் பிடித்து இழுக்கிறான் என்று பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயைக் காதில் விட்டீர்களாம். நீர் கோத்திருப்பது செவிப்பறைக்கு அந்தப் பக்கம். நீங்கள் விடும் எண்ணெய் இந்தப் பக்கமே நின்றுவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ உள்ளே போய்ச் சீழ் பிடிக்க வைக்கும். இனி ஒரு சொட்டுகூட விடக் கூடாது. பட்ஸும் வேண்டாம். பேச்சு வரும் என்று வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதையும் நிறுத்துங்கள். அதனால் பேச்சு வராது, அளவு கூடினால் வாந்திதான் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சளி சிரப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் கலந்தது என்று இருந்தால், 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. காதில் கோத்த நீரையும் அந்த மருந்துகள் வற்ற வைக்காது. எனக்குக் கோபம் உங்கள் மேல் இல்லை. கவுன்டரில் நின்றபடி ‘ரெண்டு வயசுக் குழந்தைக்கா, இதக் குடுங்க’ என்று எடுத்துக் கொடுக்கிறார்களே, அதன் மேல்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சிறு குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்ப்பதற்காக மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்திலும் காதும் பேச்சும் பார்ப்பார்கள். பரிசோதனையை நினைத்துப் பயம் வேண்டாம். காதின் வாயில் ஒரு சிறு முனையை வைத்து, செவிப்பறை அசைகிறதா என்று சில விநாடிகளில் பார்ப்பார்கள். அதன் பெயர் டிம்பனோமெட்ரி. பின்னால் நீர் இருந்தால் காகிதத்தில் மேடாக வர வேண்டிய கோடு தட்டையாக வரும். அடுத்தது விளையாட்டு மாதிரி. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை எடுத்து வாளியில் போடச் சொல்வார்கள். உங்கள் பையன் அதை விரும்பிச் செய்வான் என்று நினைக்கிறேன். அதற்கு ஒத்துழைக்காவிட்டால் தூங்க வைத்து, சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் காட்டுகின்றனவா என்று பார்க்கும் பெரா பரிசோதனை இருக்கிறது. நீர் கோத்திருப்பது உறுதியானால் பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருந்து பார்ப்போம், பாதிக்குமேல் தானாகவே வற்றிவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகும் இரு காதிலும் நின்று, கேட்பதும் குறைந்திருந்தால் செவிப்பறையில் மிகச் சிறிய குழாய் வைப்பதைப் பற்றியும் அடினாய்டைப் பற்றியும் மருத்துவர் பேசுவார். காது நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. அதே மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சிப் பரிசோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சீட்டு வாங்குங்கள். ‘அவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்’ என்று மாமியார் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்துவிட வேண்டாம்.

டோராவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டரை வயது வரை தொடர்ந்து கவனித்த குழந்தைகளில், டோராவையும் புளூஸ் க்ளூஸையும் பார்த்தவர்களின் சொல்வளம் கூடுதலாக இருந்தது. தொடருக்குத் தொடர் வித்தியாசம் உண்டு என்று அந்த ஆய்வு காட்டியது. அதை நம்பி நாள் முழுக்க ஓட விடலாம் என்று அர்த்தமில்லை. 2 முதல் 5 வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அளவும் அதுவே. துபாயில் இருக்கும் அப்பாவோடு பேசும் வீடியோ காலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்பா இவன் சொல்வதைக் கேட்டுத்தான் அடுத்த வார்த்தையைச் சொல்கிறார். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் வீடியோ காலில் நேருக்கு நேர் பேசியபோது புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள்; பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. 2014இல் வந்த ஆய்வு அது.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பத்து நிமிடமாவது பக்கத்தில் உட்காருங்கள். டோரா ‘எந்த வழியில போகலாம்?’ என்று கேட்டதும் ரிமோட்டில் நிறுத்திவிட்டு, அதே கேள்வியை நீங்கள் கேளுங்கள். அவன் ‘ஆலம்’ என்றால் ‘ஆமா, பாலம்! பாலத்து மேல போகலாம்’ என்று சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘ஆலம் இல்லடா, பாலம் சொல்லு’ என்று அதட்ட வேண்டாம்.

அடித்துவிட்டதை நினைத்து அழுததாக எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்தீர்கள், இனிமேல் செய்ய மாட்டீர்கள். பரிசோதனை முடியும் வரை அவனைத் தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள். டிவியை அணைத்துவிட்டு, முன்னால் வந்து, அவன் உயரத்துக்குக் குனிந்து, தோளைத் தொட்டு, முகம் தெரியும்படி பேசுங்கள். டிம்பனோமெட்ரி காகிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.