1930இல் ஞாயிறு விடுமுறை கிடையாது

சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட் நகரில், ஆலையில் வேலை செய்யும் கணவனும் மனைவியும் 1930இல் ஞாயிறுதோறும் ஆற்றங்கரைக்குப் போவதாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இயந்திரங்கள் ஓயாமல் ஓட வேண்டும் என்று 1929இலேயே சோவியத் அரசு ஐந்து நாள் வாரத்தைப் புகுத்திவிட்டார்கள். தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். மஞ்சள் பிரிவுக்கு ஒரு நாள் ஓய்வு, பச்சைக்கு வேறொரு நாள். கணவனும் மனைவியும் வெவ்வேறு பிரிவு என்றால், அவன் வீட்டில் இருக்கும் நாளில் அவள் தறியருகே நிற்பாள். உங்கள் கதையின் உயிரே இங்கேதான் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்!

இருவரும் சேர்ந்துதான் போகவேண்டும் என்றால் கதையை 1932க்கு நகர்த்துங்கள். அப்போது ஆறு நாள் வாரம்; 6, 12, 18, 24, 30 ஆகிய தேதிகளில் பொது விடுமுறை. ஞாயிறு ஓய்வு 1940 ஜூனில்தான் திரும்பியது.