மலேசியாவில் நிலச்சரிவு ஆபத்தைக் குறைக்க தேசியக் கொள்கை எப்படி இருக்க வேண்டும்?

நான் கேமரன் மலையின் ரிங்லெட்டில் வளர்ந்தவன். அப்பா தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடித்தவர். எங்கள் லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்கதவைத் திறந்தால் ஆறடி தள்ளி மேடு. என் பதிலும் அந்த மேட்டைப் பற்றித்தான்.

கொள்கையே இல்லை என்று சொல்ல முடியாது. 2003இல் கோலாலம்பூருக்கு அருகே புக்கிட் லாஞ்சானில் நெடுஞ்சாலை மீது பாறை சரிந்தது. அடுத்த ஆண்டே பொதுப்பணித் துறையில் சரிவான மேடுகளுக்கென்று தனிப் பிரிவு வந்தது. 2009 முதல் 2023 வரைக்கும் ஒரு தேசியச் சரிவுப் பெருந்திட்டமும் போட்டார்கள். அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 2022 டிசம்பர் 16 விடிவதற்குள், சிலாங்கூரின் பத்தாங் காலியில் கூடாரத்தில் தூங்கியவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அங்கே முகாம் நடத்த உரிமமே கிடையாது.

எங்கே இடறுகிறது? நிலம் மாநில அரசின் கையில் இருக்கிறது. கூட்டரசு (மத்திய அரசு) திட்டம் போடலாம், ஆனால் மேட்டை வெட்ட அனுமதி தருவதும் மறுப்பதும் மாநிலமும் ஊராட்சி மன்றமும்தான். ஒரு மேட்டை யார் பராமரிக்க வேண்டும் என்று கேட்டால் கை மாறி மாறிப் போகும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேட்டின் உச்சியில் ஒரு சிமெண்டு லோங்காங் (வடிகால்) உண்டு. மேலே விழும் மழையை ஓரமாகக் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. ஒரு வருஷம் இலையும் மண்ணும் அடைத்து, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. தண்ணீர் ஓடாமல் அந்த வெடிப்பு வழியே மேட்டுக்குள் இறங்கியது. அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினார்கள். தோட்டத்து எல்லைக்கு வெளியே என்றது ஒன்று, எங்கள் சாலையைச் சேராது என்றது இன்னொன்று. மூன்றாவதில் கடிதம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். கடைசியில் லயத்து ஆட்களே சங்கோலும் (மண்வெட்டி) வாளியுமாக ஏறி அள்ளினார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் விழுந்து 48 பேர் இறந்ததற்கும் பின்னால் இருந்த குன்றின் வடிகால் கோளாறு ஒரு முக்கியக் காரணம். நீர் ஊறினால் மண் கனக்கும், உள்ளே அழுத்தம் ஏறும், மண்ணின் பிடி விட்டுப்போகும்.

ஹாங்காங்கைப் பாருங்கள். 1972, 1976 நிலச்சரிவுகளுக்குப் பிறகு, 1977இல் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார்கள். இன்று அங்கே மனிதர் உருவாக்கிய சுமார் 60,000 சரிவான மேடுகள் பதிவில் இருக்கின்றன. மேட்டில் எண் பலகை இருக்கும். அந்த எண்ணை வைத்து, பராமரிக்க வேண்டியவர் யார் என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நம் அடுத்த கொள்கையில் முதலில் வர வேண்டியது, ஒவ்வொரு மேட்டுக்கும் இப்படி ஓர் எண்ணும் பொறுப்பாளர் பெயரும்தான். அப்புறம் லோங்காங் அள்ளவும் வெடிப்பு பூசவும் ஆண்டுதோறும் தனிப் பணம், அதுவும் அக்டோபர் மழைக்கு முன்னால். முன்னெச்சரிக்கைக் கருவி, வரைபடம் எல்லாம் வேண்டும்தான், ஆனால் தோட்டப்புறத்து லயங்களுக்கும் கம்போங்குகளுக்கும் (கிராமங்களுக்கும்) அவை வந்து சேர நாளாகும்.

அம்மா இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். மழை விடாமல் பெய்தால் டார்ச்சுடன் பின்கதவுக்குப் போய், மேட்டின் தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்ட துளைகளில் வரும் நீரைப் பார்ப்பார். தெளிவாக வந்தால் படுப்பார். மண் கரைந்து கலங்கி வந்தால், அல்லது வந்துகொண்டிருந்தது திடீரென்று அடைத்து நின்றால், அடையாள அட்டைப் பையை எடுத்துக்கொண்டு தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார்.