ஒரு பல் இடைவெளியும் டைனோசர் உறவுமுறையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கணக்குத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டைனோசர்களில் எது எதற்கு உறவு என்று விடாமல் படித்து வருகிறேன். 2017-ல் வந்த ஒரு கட்டுரை தெரோபோடுகளையும் (இரண்டு காலில் நடந்த, பெரும்பாலும் இறைச்சி தின்ற டைனோசர்கள்) பறவை இடுப்பு டைனோசர்களையும் ஒரே கிளையில் சேர்த்தது. அதே ஆண்டு வந்த மறுப்பு பழையபடி பிரித்துவிட்டது. எதை நம்புவது? பட்டம் இல்லாதவர் இதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? டிராக்கன்ஸ்பெர்க் மலை அடிவாரத்தில் எலும்பு தேடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தேடலாம், எடுக்கக் கூடாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்நாட்டில் புதைபடிவங்கள் அரசின் சொத்து. அனுமதியில்லாமல் பெயர்ப்பது குற்றம். அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஜிபிஎஸ் குறித்து, அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். இடம் குறிக்காமல் எடுத்த எலும்பு எந்தப் பாறை அடுக்கைச் சேர்ந்தது என்றே பிறகு தெரியாது.

எதை நம்புவது என்பதற்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் முதல் கட்டுரை பாரன், நார்மன், பாரெட் மூவருடையது. அவர்கள் அட்டவணையில் வரிசைக்கு ஒன்றாக 74 விலங்குகள், பத்திக்கு ஒன்றாக 457 உடல் பண்புகள்; பண்பு இருந்தால் ‘1’, இல்லையென்றால் ‘0’ என்பது போலக் குறிப்பார்கள். அதாவது 33,818 கட்டங்கள். மறுப்பு எழுதிய லாங்கர் குழுவினர் அவற்றில் பலவற்றைத் திருத்திக் கணினியில் ஓட்டியதும் பழைய வகைப்பாடு திரும்பி வந்தது. ஆனால் இரண்டு உறவு மரங்களுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல் சோதனையில் நிற்கவில்லை. கட்டங்களைச் சரிபார்க்காமல் இந்த வழக்கு தீராது. தணிக்கை செய்து பழகிய உங்கள் கண்ணுக்கு ஏற்ற வேலை இது.

நம் ஊர் விலங்கு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஹெட்டெரோடான்டோசாரஸ் என்ற சிறிய பறவை இடுப்பு டைனோசர். மேல்தாடை முன்னெலும்பில் மூன்று பற்கள், மூன்றாவது கோரைப்பல் போல நீளம். அதற்குப் பின்னால் பல்லே இல்லாத, வளைவான ஒரு இடைவெளி. கீழ்த்தாடையின் கோரைப்பல் வாய் மூடும்போது அங்கேதான் போய் உட்காரும். இப்போது ‘கீழ்க் கோரைப்பல் உண்டா’, ‘இடைவெளி உண்டா’, ‘அது வளைந்ததா’ என்று மூன்று பத்திகள் இருந்தால், ஒரே அமைப்புக்கு மூன்று ஓட்டு விழுகிறது. சீலோஃபைசிஸ் போன்ற தெரோபோடுகளிலும் மேல்தாடையில் இடைவெளி உண்டு. ஆனால் அது முன்னெலும்பும் மேல்தாடை எலும்பும் தளர்வாகச் சேரும் மூட்டில் விழுந்த பள்ளம். இரண்டுக்கும் ஒரே ‘1’ போடலாமா? என் கருத்தில், மூட்டின் வடிவத்தைத் தனியாகக் குறிக்காமல் போடக் கூடாது. இப்படிப்பட்ட ‘1’-கள்தான் தூரத்து உறவைக் கிட்டத்து உறவாக்கிக் காட்டும்.

இன்னொரு பொறி: கோரைப்பல்லே இல்லாத விலங்குக்கு ‘கோரைப்பல்லின் அளவு’ என்ற கட்டத்தில் ‘0’ போடுவது. அங்கே வர வேண்டியது ‘-’, அதாவது ‘பொருந்தாது’. எலும்பு உடைந்து போயிருந்தால் ‘?’, அதாவது ‘தெரியாது’.

செய்முறை எளிது. கட்டுரையோடு வரும் அட்டவணையையோ இத்தகைய அட்டவணைகளைச் சேர்த்து வைக்கும் மார்ஃபோபேங்க் இணையதளத்தில் இருப்பதையோ இறக்கி, மெஸ்க்வைட் என்ற மென்பொருளில் திறவுங்கள். ஒரே ஒரு விலங்கின் வரிசையை, உதாரணமாக ஹெட்டெரோடான்டோசாரஸின் வரிசையை, சான்டா லூக்காவின் 1980 எலும்புக்கூட்டு விவரணையோடும் நார்மன் குழுவின் 2011 மண்டையோட்டு விவரணையோடும் கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். பிறகு அட்டவணையிலிருந்து உறவு மரம் தேடும், இலவசமாகக் கிடைக்கும் டிஎன்டி (TNT) மென்பொருளில் ஓட்டுங்கள். அது முதல் வரிசையில் இருப்பதையே வெளிக்குழுவாக, அதாவது ஒப்பிட வைக்கும் வெளி உறவினராக, எடுத்துக்கொள்ளும். அலிவால் நார்த் ஊரில் கிடைத்த, டைனோசரல்லாத பழைய ஊர்வனமான யூபார்க்கீரியாவை அங்கே வைக்கலாம். மரங்களைச் சேமிக்கும் இடத்தை 99,999 ஆக உயர்த்துங்கள், இல்லையென்றால் பாதியில் நிரம்பிவிடும். 1,000 முறை தேடி, முறைக்கு 10 மரம் வைத்துக்கொண்டு, கிடைத்தவற்றின் மேல் மறுபடி கிளைமாற்றம் (கிளையை வெட்டி வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கும் தேடல்) ஓட்டுங்கள். எல்லா மரங்களும் ஒத்துப்போகும் கிளைகளை மட்டும் காட்டும் ஒருமித்த மரம் சீப்பு மாதிரி விரிந்தால், எலும்பு குறைவான ஏதோ ஒரு விலங்கு இடம் மாறி அலைகிறது என்று பொருள். கன்று விலங்கும் கெடுக்கும்: வளராத எலும்பு அதை மரத்தின் அடிப்பக்கம் இழுத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி, மரத்தின் நீளம் (அந்த மரத்துக்குத் தேவைப்படும் பண்பு மாற்றங்களின் எண்ணிக்கை) எத்தனை படி மாறுகிறது என்று எழுதி வையுங்கள். கட்டுரையாளருக்கு அனுப்பும்போது நீங்கள் பார்த்த எலும்பின் அருங்காட்சியக மாதிரி எண்ணையும் சேருங்கள். கேப் டவுன் இசிகோ அருங்காட்சியகத்தில் உள்ள ஹெட்டெரோடான்டோசாரஸின் முழு எலும்புக்கூட்டுக்கு அது எஸ்ஏஎம்-பிகே-கே1332. பண்பு எண், பழைய குறி, உங்கள் குறி, காரணம், படம் இவ்வளவு இருந்தால் பட்டம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.